இரண்டாவது பிரேக்

என் கணவர் இருபத்திரண்டு வருடம் ஸ்டீயரிங் இல்லாத சீட்டில் உட்கார்ந்து பிழைத்தவர். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஓட்டுவது யாரோ, திட்டுவது இவர். அவர் காலடியில் இருந்தது ஒரே ஒரு பெடல். கற்றுக்கொள்ள வந்தவர் சுவரைப் பார்த்துப் போனால் மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பார். ஒரு கம்பி வழியாக ஓட்டுகிறவரின் பிரேக்கும் தானாகக் கீழே இறங்கும், வண்டி நிற்கும், பிறகு வசவு ஆரம்பமாகும். "ஓரத்துல என்ன வருதுன்னு வாயால சொல்லு! மனசுக்குள்ள சொன்னா எனக்கு எப்படிக் கேக்கும்?" அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் "சைக்கிள், நாய், பால் வண்டி" என்று கத்திக்கொண்டேதான் தெருவில் போவார்கள்.

அந்தக் கால் வீட்டிலும் சும்மா இருக்காது. டிவியில் கார் வேகமாகப் போனால் தரையை மிதிப்பார். சாப்பாட்டு மேசையில் நான் கொஞ்சம் வேகமாகப் பேச ஆரம்பித்தால் மேசைக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த மனிதருக்குத்தான் உலகத்தைத் தரைவழியாகச் சுற்றி வர ஆசை. தினமும் அதே எட்டுத் தெரு, அதே ரவுண்டானா, ரிவர்ஸ் பழக அதே மைதானம் என்று செக்குமாடாகச் சுற்றியவர் வேறு எதற்கு ஆசைப்படுவார்? ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உலக வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து ஹாலில் ஒட்டினார். சுவரில் ஈரம் பூத்த இடத்தை மறைக்கத்தான் ஒட்டுகிறார் என்று நினைத்து நானும் பிசின் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் என் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் காணாமல் போனது. வரைபடத்தில் எங்கள் ஊரிலிருந்து குண்டூசி குண்டூசியாக அது கிளம்பியிருந்தது.

பிறகு வேன் வந்தது. ரொட்டிக் கம்பெனி ஒன்று கழித்துக் கட்டிய டெலிவரி வேன். எஞ்சின் சூடேறினால் இன்றைக்கும் உள்ளே ரொட்டி வாசனை அடிக்கும், பத்து கிலோமீட்டர் போவதற்குள் பசிக்கும். ரொட்டித் தட்டு அடுக்கியிருந்த இடத்தில் பலகை போட்டுப் படுக்கை செய்தார். என்னைத் தரையில் படுக்கச் சொல்லி அளவெடுத்தார். நான் அவரைவிட இரண்டு விரற்கடை உயரம் என்பது கல்யாணமாகி இருபது வருடம் கழித்து அன்றுதான் எழுத்தில் பதிவானது.

வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு ரோடே கிடையாது, காடும் சேறும்தான், வேனைக் கப்பலில்தான் ஏற்ற வேண்டும் என்று படித்த நாளில் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. "உலகம் பூரா ரோடு போட்டவனுங்களுக்கு இந்த நூறு கிலோமீட்டர் போடறதுக்கு வலிக்குதா?" என்று, ஏதோ எங்கள் தெருமுனையில் குழி தோண்டிப் போட்டவர்களைத் திட்டுவதுபோலத் திட்டினார்.

நான் சிரித்தேன். "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று கேலி பேசினேன். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பின்னறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, லென்ஸின் ஓரத்தை மெஷினில் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்த வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது ஜோடி. கேலி பேசினேனே தவிர, எந்த மலைக்கணவாய் எந்த மாதம் திறக்கும், மங்கோலியாவில் எப்போது மழை என்று அவர் கேட்கும்போதெல்லாம் பட்டியலைப் பார்க்காமல் ஒப்பித்தவள் நான்தான். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

இந்த வருடம் போவதென்று முடிவானது. மகள் வேறு ஊரில் வேலை, குடும்பம் என்று நிலைத்துவிட்டாள். மாஸ்டர் ஸ்கூலை மூடி, காரை விற்றார். விற்கும்போது அந்த இரண்டாவது பிரேக் பெடலை மட்டும் கழற்றி ஷெட்டில் ஒரு துணியில் சுற்றி வைத்துக்கொண்டார். "எதுக்குங்க அந்த இரும்பு?" என்று கேட்டேன். "இருபத்திரண்டு வருஷம் சோறு போட்டிருக்கு" என்றார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

வெளிநாட்டில் ஓட்ட லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கண் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். அது என்ன பெரிய காரியம்? எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார். ஆனால் அந்தக் கண் டாக்டர் விடாக்கண்டர். வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் தலையை வைக்கச் சொன்னார். நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும், எங்கேயாவது வெளிச்சம் மின்னினால் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நான் திரைக்கு வெளியே நின்றேன். முதலில் பொத்தான் சத்தம் இரண்டு மூன்று கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

"டாக்டர், மெஷின் மக்கர் பண்ணுதா?" என்று உள்ளிருந்து மாஸ்டர் கேட்டார்.

மெஷின் நன்றாகத்தான் இருந்தது. அவர் பொத்தானை அழுத்தாத அந்த நேரமெல்லாம் வெளிச்சம் மின்னிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு கண்ணிலும் ஓரப்பார்வை போய்விட்டது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேராக மட்டும்தான் தெரிகிறது. கண்ணில் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பல வருடமாகப் பார்வையைத் தின்றிருக்கிறது. போனது திரும்பாது, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். "எங்க வேணாலும் போங்க, ஆனா ஸ்டீயரிங்கத் தொடாதீங்க" என்றார் டாக்டர்.

ஊர்க்கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவள் நான். இரண்டு வருடமாக அவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். மேசை ஓரத்திலிருந்த டம்ளர்களைத் தட்டிவிட்டார். ஒவ்வொரு தடவையும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் வரைபடத்தைக் கிழியாமல் எடுத்துச் சுருட்டினார். குண்டூசிகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டார். "விடு. வேனை யாராவது கேட்டா குடுத்துடலாம்" என்றார்.  கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் அடங்கிவிட்டார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து தண்ணீர் குடித்தேன். லென்ஸைத் தேய்க்கும்போது, கிளம்பியிருந்தால் எத்தனையாவது நாளில் எந்த எல்லையில் நிற்போம் என்று மனம் கணக்குப் போடும், கை அளவுக்கு மேல் தேய்த்துவிடும். ஒரே வாரத்தில் ஐந்து லென்ஸ் வீணானது. "என்னம்மா ஆச்சு, கால்ல சக்கரம் கட்டிக்கிட்ட மாதிரி அலையிற?" என்று கடை முதலாளி கேட்டார். வீட்டுக்குப் போனால் ஹாலில் வரைபடம் இருந்த இடத்தில் ஈரக்கறை. அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டு நான் சாப்பிட வேண்டும். ஒன்பது வருடமாக இது அவருடைய கிறுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். இது ஒட்டுவாரொட்டி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குப் போக வேண்டும். பொலிவியாவில் இருக்கும் பெரிய உப்புவெளியில் வண்டியை நிறுத்தி இறங்கி, நாலு பக்கமும் ஒன்றுமே இல்லாமல் நிற்க வேண்டும்.

ஆனால் எனக்கு ஓட்டத் தெரியாது. பதினெட்டு வருடத்துக்கு முன்பு மூன்று நாள் அவரிடம் கற்றுக்கொண்டேன். பத்தடி போவேன், என் காலுக்குக் கீழே பெடல் தானாக இறங்கும், வண்டி நிற்கும். மறுபடி பத்தடி. மூன்றாம் நாள் கடைத்தெரு நடுவில் சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு, பின்னால் நாற்பது வண்டி ஹாரன் அடிக்க, நடந்தே வீட்டுக்கு வந்தேன். அதோடு சரி.

மாஸ்டரின் ஸ்கூல் இருந்த இடத்துக்கு நேர் எதிரே இன்னொரு டிரைவிங் ஸ்கூல் உண்டு. அதை நடத்தும் அம்மாளை எல்லோரும் டீச்சர் என்பார்கள். பருத்த உடம்பு, எப்போதும் வாயில் ஏலக்காய். இருபத்திரண்டு வருடமும் மாஸ்டருக்கு அந்த அம்மாளைக் கண்டால் ஆகாது. தொழில் போட்டி மட்டும் காரணமில்லை. டீச்சர் பக்கத்து சீட்டில் காலை மேலே மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். "பிரேக் மேல காலே வைக்கிறதில்ல! இது வாத்தியார் வேலையா, பிக்னிக்கா?" என்று மாஸ்டர் கொதிப்பார்.

நான் அந்த வாசலில் போய் நின்றேன்.

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாஸ்டர் சம்சாரம்தானே? வழி தப்பி வந்துட்டீங்களா?"

"தப்பி வரல. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒரு மணி நேரம் வருவேன். யாருக்கும் தெரியக் கூடாது."

"உங்க வீட்டுக்காரர் என்னைக் கொன்னுடுவார்."

"அவர் ஒரு ஈயக்கூட அடிக்க மாட்டார். திட்டுறதோட சரி."

டீச்சர் சிரித்து, ஒரு ஏலக்காயை என்னிடமும் நீட்டினார். முதல் நாளே ஒரு குப்பைத் தொட்டியை நான் ஏற்றிவிடப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் பெடல் தானாக இறங்கும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. டீச்சர் மடித்த காலை எடுக்காமல், "இடிக்கப் போறீங்க" என்று மட்டும், டீ ஆறப்போகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். நானே மிதித்தேன். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. 

"பாத்தீங்களா, பிரேக் உங்க கால்லதான் இருக்கு" என்றார்.

கடையிலிருந்து பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு ஏழு வாரம் ஓட்டினேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். தெருவில் பாதிப்பேருக்குத் தெரிந்திருந்தது, மாஸ்டருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஓட்டும் அந்த ஒரு மணி நேரம்தான் மனம் ஓரிடத்தில் நிற்கும். இறங்கினால் மறுபடி பரபரப்பு. லைசென்ஸ் தேர்வில் ஒரு தடவை தோற்று, மறு தடவை தேறினேன்.

லைசென்ஸை நேரில் என் கையிலேயே கொடுப்பார்கள் என்று நினைத்தேன். தபாலில் அனுப்பிவிட்டார்கள். நாளெல்லாம் வீட்டில் இருப்பவர் யார்? சாயங்காலம் நான் போனபோது மேசையில், என் தட்டுக்குப் பக்கத்தில், உறை பிரிக்கப்பட்டு அந்த அட்டை கிடந்தது. அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார்.

"எங்க கத்துக்கிட்ட?"

"எதிர் ஸ்கூல்ல."

"அந்தக் கால மடிச்சு உக்காருற அம்மாகிட்டயா?"

"ஆமா."

"மூவாயிரம் பேருக்குக் கத்துக்குடுத்தவன் நான். மாஸ்டர் பொண்டாட்டி எதிர்க்கடைக்குப் போனான்னு ஊரு சிரிக்காது?"

"சிரிக்கட்டும். உங்ககிட்ட கத்துக்கிட்டிருந்தா நான் இன்னும் அந்தக் கடைத்தெருவுல பத்தடி பத்தடியாத்தான் போய்க்கிட்டிருப்பேன்."

அவர் முகம் சுருங்கியது. "நான்தான் விடுன்னு சொன்னேன்ல? எனக்காக நீ ஒன்னும் கஷ்டப்பட வேணாம்."

"உங்களுக்காகன்னு யாரு சொன்னா? எனக்குப் போகணும். ஒன்பது வருஷமா உசுப்பேத்தி விட்டுட்டு இப்ப சுருட்டி வச்சுட்டா ஆச்சா? நீங்க வரலன்னா நான் மட்டும் போவேன்."

கோபத்தில் வந்த வார்த்தைதான். சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று எனக்கே தெரிந்தது. மேசைக்கு அடியில் 'டக்' என்ற சத்தம் கேட்கவில்லை. அவர் எழுந்து, கதவு நிலையைக் கையால் தடவிப் பார்த்துத் தாண்டி, உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் ஷெட்டிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. நான்கு நாள் கேட்டது. வேனுக்கு அடியில் படுத்து ஏதோ செய்துகொண்டிருந்தார். கேட்டால், "ரொம்ப தூர ஓட்டம்ல, எல்லாம் இறுக்கணும்" என்றார். ஹாலில் வரைபடம் மறுபடி ஏறியிருந்தது. நான் சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு ஒரு வருடத்துக்கான சொட்டு மருந்துக்குப் பட்டியல் எழுதினேன்.

மகள் போனில் அலறினாள். "அப்பாவுக்குக் கண்ணு தெரியாது, உனக்கு ஓட்டத் தெரியாது. ரெண்டு பேரும் உலகத்தச் சுத்தப் போறீங்களா?"

"எனக்குத் தெரியும்டி. அட்டை இருக்கு" என்றேன்.

மே மாதம் முதல் வாரம், விடிந்து வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினோம். எதிர் ஸ்கூல் வாசலில் டீச்சர் நின்று கையாட்டினார். மாஸ்டர் நேரே பார்த்தபடி இருந்தார். டீச்சர் அவர் கண்ணில் படவில்லையா, பட்டும் தெரியாததுபோல் இருந்தாரா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

முதல் சந்திப்பில் வேன் தானாகத் தயங்கியது. எஞ்சின் சூடாகவில்லை என்று நினைத்தேன். ரவுண்டானாவில் மறுபடி. மூன்றாவது தடவை ஒரு பஸ் பக்கத்தில் வந்தபோது, என் காலுக்கு அருகில் பிரேக் பெடல் தானாகக் கீழே இறங்குவதைப் பார்த்தேன். பதினெட்டு வருடத்துக்கு முன்பு பார்த்த அதே இறக்கம். குனிந்து அவர் பக்கம் பார்த்தேன். புது விரிப்புக்கு அடியிலிருந்து பழைய பெடல் எட்டிப் பார்த்தது. நான்கு நாள் சுத்தியல் சத்தம் இதற்குத்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது.  ஊர் முடிந்து நெடுஞ்சாலை தொடங்கும் இடத்தில் பஞ்சர் கடை ஒன்று இருந்தது. அதன் முன்னால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். பின்னால் போய்ப் பெட்டியைத் திறந்து பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து வந்து அவர் மடியில் போட்டேன்.

"கழட்டுங்க."

"இருக்கட்டுமே. ஒரு பாதுகாப்புக்குத்தான். பாதி உலகத்துல எதிர்ப்பக்கமா ஓட்டுறாங்க, உனக்குப் பழக்கமில்ல..."

"கழட்டலன்னா இப்படியே வீட்டுக்குத் திருப்பிடுவேன். அப்புறம் நீங்களும் ஈரக்கறையும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காருங்க."

அவர் ஸ்பேனரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின. ஒவ்வொன்று தாண்டும்போதும் அவர் உடம்பு அதிர்ந்தது. பக்கத்தில் வந்து சத்தம் கேட்ட பிறகுதான் அவருக்கு அது லாரி என்றே தெரிகிறது.

"எனக்கு ஓரம் தெரியல" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நேரா மட்டுந்தான் தெரியுது. எது எங்கேர்ந்து வருதுன்னே தெரியாம உக்காந்திருக்கேன். உன்மேல நம்பிக்கை இல்லாம வைக்கல. பயமா இருக்கு. கால்ல ஒன்னுமே இல்லாம எப்படி உக்கார்றது, சொல்லு?"

அவர் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை முப்பது வருடத்தில் நான் கேட்டதில்லை. என் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. ஆனாலும் ஸ்பேனரை நான் திரும்ப வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அந்தப் பெடல் உலகம் முழுக்க எங்களோடு வந்திருக்கும், பத்தடி பத்தடியாக.

"கழட்டுங்க" என்றேன் மெதுவாக. "நான் இருக்கேன்ல?"

குனிந்து, தடவித் தடவி, இரண்டு போல்ட்டையும் கம்பியையும் கழற்றினார். பெடலைத் துணியில் சுற்றினார். நான் அதை வாங்கிப் படுக்கைப் பலகைக்கு அடியில், அடுப்புக்குப் பின்னால் தள்ளினேன்.

நெடுஞ்சாலையில் ஏறினோம். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அவர் கால் வெறும் விரிப்பை நாலு தடவை மிதித்தது. வாயைத் திறந்தேன்.

"உங்க பக்கம் சைக்கிள்ல ஒருத்தர். தாண்டிட்டோம். என் பக்கம் லாரி, செங்கல் ஏத்தியிருக்கு. உங்க பக்கம் ரெண்டு நாய், படுத்திருக்கு. பெட்ரோல் பங்க். ஒரு அம்மா குடையோட..."

அவர் தலையை என் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார். நான் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். முதல் நாள் முடிவில் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டாம் நாள் டீச்சர் கொடுத்தனுப்பிய ஏலக்காயை மென்றுகொண்டு சொன்னேன். அவர் சில தடவை, "லாரில என்ன ஏத்தியிருக்கு?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் மலை இறக்கம். வளைவில் எதிரே ஒரு டேங்கர் லாரி பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. "டேங்கர், என் பக்கம், நெருக்கமா வருது" என்றேன். பிரேக்கை மிதித்து ஓரமாக ஒதுக்கினேன், டேங்கர் கண்ணாடியை உரசாத குறையாகப் போனது. பக்கத்திலிருந்து விரிப்பை மிதிக்கும் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை.

தூங்கிவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். விழித்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டு காலையும் சீட்டுக்கு மேலே தூக்கி மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"கால் மரத்துப்போச்சு" என்றார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.